கழுவாத கை

அளவெடுக்க ஆள் வந்த அன்று அந்தப் பூட்டுத் தொழிற்சாலைப் பெண்களின் கைகள் இருந்த சுத்தத்தைப் பார்த்தால், ஆபரேஷன் தியேட்டர் டாக்டர்களே கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டிருப்பார்கள். முந்தின நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் சோப்பு, எலுமிச்சம்பழத் தோல், பாத்திரம் தேய்க்கிற நார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கைமீதே பிரயோகம் செய்திருந்தார்கள். நகக்கண்ணை ஊசியால் நோண்டியவர்களும் உண்டு.

இத்தனைக்கும் காரணம் மேஸ்திரி. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு பொண்ணு வருது. சாவி வேலை பார்க்கிற பொம்பளைங்க கையில என்ன ஒட்டியிருக்குன்னு துடைச்சுப் பார்க்கும்" என்று சொல்லியிருந்தார். சொன்னவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மேஸ்திரிக்கோ அந்தச் சமயத்தில் மனசு முழுக்க ஒரே கவலை. பூட்டுக்குள் போடுகிற சின்ன ஸ்பிரிங் கொஞ்ச நாளாகக் கணக்கில் உதைத்துக்கொண்டிருந்தது. கையில் ஒட்டிக்கொள்வது என்றால் அவருடைய அகராதியில் அர்த்தம் ஒன்றுதான். நேரே போய்க் கூடத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, அறிவித்துவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. யார் கை சுத்தம், யார் கை சுத்தமில்லன்னு பார்க்க நாளைக்கு ஆள் வருது. பேப்பர்ல துடைச்சா அது காட்டிக்கொடுத்துடுமாம். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கை சுத்தம் என்கிற வார்த்தைக்கும் சோப்புக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கல்லாவில் உட்கார வைக்கிற ஆளைப் பற்றி விசாரித்தால் முதலில் கேட்கிற கேள்வி அது. வீட்டு வேலைக்கு வருகிறவளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கேட்கிற கேள்வியும் அதுதான். அந்த வார்த்தையில் ஒருத்தியின் மானம் முழுக்க மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. திருடாதவள் எதற்காகக் கையைத் தேய்க்க வேண்டும் என்று யாராவது கேட்கலாம். திருடாதவள்தான் அதிகம் தேய்ப்பாள்.

அன்று மற்ற எல்லோரையும்விட வலியோடு தேய்த்தவள் கறார்.

கறார் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, கடைத்தெரு வைத்த பெயர். அவள் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே காய்கறிக்காரர் முகம் வாடும். வழக்கமான விலையைச் சொல்லி, கெஞ்சி, கோபித்து, கிளம்புகிற மாதிரி பாவனை செய்து இறங்கி வருகிற நாடகத்துக்கெல்லாம் அவளிடம் இடம் இல்லை. தன் விலையைச் சொல்லிவிட்டு அசையாமல் நிற்பாள். எதிராளிக்குத்தான் கால் வலிக்கும். தொழிற்சாலையிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வயதில் சின்னவர்கள் 'கறார் அக்கா' என்பார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் வேலை, பூட்டின் உருளைக்குள் குச்சி குச்சியான முளைகளை விரலால் எடுத்துப் போட்டு, சாவியை விட்டுத் திருப்பிப் பார்ப்பது. திரும்பினால் அடுத்த பூட்டு. திரும்பாவிட்டால் மறுபடி விரல். நாள் முழுக்க அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாவியின் பளபளப்பிலேயே குடியிருந்தன. சில மாதங்களுக்கு முன் விரல் இடுக்கில் கடுகு மாதிரி கொப்புளம் கிளம்பியது. பிறகு அரிப்பு. பிறகு வெடிப்பு. காய்ந்த ஏரித் தரை மாதிரி ஆகிப்போன விரலோடு தோல் டாக்டரிடம் போனபோது அவர் அவள் முதுகில் வரிசையாக வட்ட வட்டமாக எதையோ ஒட்டி அனுப்பினார். பிரித்துப் பார்த்தபோது ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. "நிக்கல்மா. அந்த உலோகம் உங்களுக்கு ஆகாது" என்றார்.

அவள் அதை மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். மேனேஜர் பேச்சில் சர்க்கரை போட்டுக் கலக்குகிற ஆள்.

"நிக்கல் எங்கம்மா இல்ல? உங்க வீட்டுப் பாத்திரத்துல இருக்கு, வளையல்ல இருக்கு, தோட்டுல இருக்கு. வீட்டுல வாங்கின நோயை எங்க தலைல கட்டினா எப்படி? பாவம், உங்களுக்கு முடியல. மாசக் கடைசியோட வீட்டுல ரெஸ்ட் எடுங்க. உடம்பு தகுதியில்லன்னு எழுதிக்கறோம்."

பேரம் இதுதான். நோய் வீட்டுடையது என்றால் அவள் வெளியே. நோய் வேலையுடையது என்றால் அவள் உள்ளே. அதோடு விரலுக்குப் பதில் இடுக்கி, நல்ல கையுறை, தொட்டாலும் ஒட்டாத பூச்சு என்று வேலை செய்கிற முறையையே அவர்கள் மாற்றியாக வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கறார் தொழிலாளர் உடல்நல மையத்துக்குத் தானே போய், கையில் எவ்வளவு உலோகம் ஒட்டுகிறது என்று அளந்து சொல்ல ஆள் அனுப்பச் சொன்னாள். ஆள் வருகிற நாளில், உலோகத்தைக் காட்டுகிற பேப்பர் திருட்டையும் காட்டுமோ என்ற பயத்தில் தானும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். தேய்க்காமல் போய், பேப்பர் எதையாவது காட்டிக்கொடுத்து, திருட்டுப் பட்டத்தோடு வெளியே போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் நாத்தனார். புருஷனின் தங்கை, அதே வீட்டில் இருப்பவள், அதே தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி கட்டுகிற பிரிவில் வேலை. இருவருக்கும் இடையில் சமாதானம் என்பது மழைக்கால வெயில் மாதிரி.

"அண்ணி, போதும். ரத்தம் வருது."

"வரட்டும். ரத்தத்துல ஸ்பிரிங் இல்லன்னு தெரியட்டும்."

"இப்படியே தேய்ச்சீங்கன்னா அந்தப் பொண்ணு எலும்பைத்தான் அளக்கணும்."

அளக்க வந்தவள் சின்ன வயதுக்காரி. நிதானமானவள். பிளாஸ்டிக் இடுக்கி, கையுறை, லேசான அமிலத்தில் நனைத்த காகிதத் துண்டுகள், நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தகடு, எல்லாம் கொண்டுவந்தாள். வெடிப்பில்லாத இடமாகப் பார்த்துத் தகட்டை வைத்து, சதுரத்துக்குள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டுகளால் துடைத்து, தனித்தனிக் குப்பிகளில் போட்டு மூடினாள். பெண்கள் ஒவ்வொருத்தியும் கையை நீட்டிய தோரணையைப் பார்க்க வேண்டுமே, மோதிரம் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் மாதிரி. மேஸ்திரி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முடிவு வந்ததும் மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "யார் கையிலயும் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. எல்லார் கையும் சுத்தம்."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. கண்ணாடி என்று பெயரெடுத்த தடித்த மூக்குக்கண்ணாடிக்காரி கண்ணையே துடைத்துக்கொண்டாள். கறாருக்கும் ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. மேனேஜர் அவள் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களாம்மா? அப்பவே சொன்னேன், வீட்டுலதான்" என்றபோதுதான் நிமிர்ந்த நெஞ்சு அப்படியே தொங்கிப் போனது. தன் மானத்தைக் காப்பாற்றிய அதே பேப்பர் தன் வேலையைத் தின்றுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

வெளியே வந்து அளவுக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"எனக்கே குழப்பமா இருக்கு அக்கா" என்றாள் அந்தப் பெண். "சாவில மருந்து விட்ட பஞ்சை வெச்சுத் தேய்ச்சா ரோஸ் கலர் ஆகுது. நிக்கல் இருந்தா அப்படி ஆகும். அந்தச் சாவியை நாள் பூரா தொடுற கையில ஒண்ணுமே இல்லன்னா எப்படி? அன்னைக்கு வேலை ஆரம்பிச்சதுல இருந்து நீங்க யாரும் கை கழுவலதானே?"

"கழுவலயாவா? மேடம், தோல் உரியத் தேய்ச்சுட்டு வந்தோம். உங்க முன்னாடி வர்றதுக்குள்ள மறுபடியும் ஒரு தடவை. வாசல்ல கியூ நின்னுச்சே."

அந்தப் பக்கம் குறிப்பேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"கழுவக் கூடாதுன்னு மேனேஜர்கிட்ட தெளிவாச் சொல்லியிருந்தேனே. கழுவினா முக்கால்வாசி போயிடும். நானும் அன்னைக்கு உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்பு. ஏன் அக்கா எல்லாரும் அப்படித் தேய்ச்சீங்க?"

கறார் காரணத்தைச் சொன்னாள். கை சுத்தம் என்கிற வார்த்தை வந்ததும் அந்தப் பெண் 'அடடா' என்றாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் இதே பாஷையில் வளர்ந்தவள்தானே.

மறுநாள் கறார் மேனேஜர் அறைக்குள் போய் நின்றாள். மறுபடி அளக்க வேண்டும் என்றாள்.

"ஒரு தடவை அளந்தாச்சு. திரும்பத் திரும்ப அளக்க இது என்ன துணிக்கடையா?"

"துணியைத் துவைச்சு, சுருக்கி, அப்புறம் அளந்துட்டு இதுதான் அளவுன்னு சொன்னா எந்தத் துணிக்கடைக்காரன் சார் ஒத்துக்குவான்? கழுவக் கூடாதுன்னு உங்ககிட்ட சொன்னாங்களாமே?"

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். "மேஸ்திரிகிட்ட சொல்ல மறந்திருப்பேன். அதுக்காக என் கேட்டுக்குள்ள மறுபடி அந்தப் பொண்ணை விட முடியாது. வேலை கெடுது."

"கேட்டுக்கு வெளிய அளந்தா?"

"வெளிய உங்க இஷ்டம்மா. ரோடு எனக்குச் சொந்தமா?" என்று அவர் தாராளமாகச் சிரித்தார்.

அந்தத் தாராளத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கறாருக்குத் தெரியும். விலையை இவ்வளவு சுலபமாக இறக்குகிறவன் எடையில் கை வைப்பான். வேலை முடிந்து வெளியே போகிறவர்கள் வாசலில் இருக்கிற குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் போக வேண்டும், அது தொழிற்சாலை விதி. ரோட்டுக்கு வரும்போது எந்தக் கையிலும் எதுவும் இருக்காது.

அளவுக்காரப் பெண் வருவதாகச் சொன்ன நாளில் கறார் காலையிலிருந்தே கையைத் தண்ணீரில் காட்டவில்லை. அரித்தது. சொறியவில்லை. சொறிந்தால் உதிர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சாவியைத் திருப்பினாள். சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் கையை மடிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். போய்த் தன் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, டப்பாவைத் திறந்து, எதிரே உட்கார்ந்தாள்.

"வாயைத் திறங்க."

"ஏய், எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த வாயை மூட வைக்க முடியல. திறக்கச் சொல்றது இதுதான் முதல் தடவை. திறங்க அண்ணி."

கூடமே சிரித்தது. மேஸ்திரி, "என்ன இங்க, பால்வாடியா?" என்று கத்திக்கொண்டு வந்தார். நாத்தனார் திரும்பாமலே, "உங்களுக்கும் ஒரு வாய் வேணுமா மேஸ்திரி?" என்றாள். அவர் வந்த வேகத்திலேயே போய்விட்டார். சிரிப்பு அடங்கியதும், எதற்காக இந்தக் கூத்து என்று பெண்கள் கேட்டார்கள். கறார் மென்றுகொண்டே சொன்னாள். போன தடவை அளந்தது அவர்களுடைய நாணயத்தை இல்லை, அவர்கள் கையில் ஒட்டுகிற விஷத்தை என்றும், அதைத்தான் எல்லோரும் சேர்ந்து விழுந்து விழுந்து கழுவிவிட்டோம் என்றும். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கைதட்டினோமே என்று ஒருத்தி முனகினாள்.

வேலை முடிந்தது. வாசல் குழாயடியில் மேனேஜர் தானே வந்து நின்றிருந்தார், கல்யாண வீட்டில் வரவேற்கிற ஆள் மாதிரி.

"கழுவிட்டுப் போங்கம்மா."

கறார் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். "இல்ல சார்."

"விதிம்மா. உங்க உடம்புக்குத்தான் நல்லது."

"என் உடம்பு வீட்டுல கெட்டதுன்னு சொன்னீங்களே. அப்ப இந்தக் கையில கழுவறதுக்கு என்ன சார் இருக்கு?"

மேனேஜர் குரலிலிருந்து சர்க்கரை கரைந்து போனது. "கழுவாம வெளிய போனா நாளையில இருந்து வர வேணாம்."

"வர வேணாம்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. ஒரே ஆளை எத்தனை தடவை சார் வெளிய அனுப்புவீங்க?"

சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள். கேட்டின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொடக் கூடாது. நாத்தனார் முந்திப் போய்த் திறந்துவிட்டு, காவலாளியை விடப் பெரிய தோரணையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் குழாயைத் திறந்து கையை நீட்டப் போன கண்ணாடி, தண்ணீரைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், குழாயை முழங்கையால் அழுத்தி மூடினாள். மூடிவிட்டுத் தன் கையையும் தூக்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும். அதற்குப் பின்னால் யாருமே குழாயைத் திறக்கவில்லை. சாவிக் கூடம் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. சரணடைய வருகிறவர்களும் கையைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள், ஆனால் முகம் இப்படி இருக்காது.

எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் சுத்தமான பிளாஸ்டிக் விரித்து அளவுக்காரப் பெண் காத்திருந்தாள். இவ்வளவு கைகளை எதிர்பார்க்காத அவள், பெட்டியில் குப்பிகள் போதுமா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவை முதல் கேள்வி, "யாராவது கழுவினீங்களா?" என்பதுதான். இல்லை என்று ஒரே குரலில் பதில் வந்தது. முதலில் எந்தக் கையிலும் படாத காகிதம் ஒன்றைக் குப்பியில் போட்டாள், ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு கறாரின் உள்ளங்கையில் தகட்டை வைத்துத் துடைத்தாள். "இது லேபுக்குப் போகும். சரியான அளவு அங்கதான் தெரியும். இப்ப கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு பார்க்கலாம்." ஒரு சொட்டு மருந்து விட்ட பஞ்சுக் குச்சியைக் கறாரின் கட்டைவிரல் நுனியில், தோல் உடையாத இடமாகப் பார்த்து உருட்டினாள்.

பஞ்சு வெளுப்பாகவே இருந்தது. அப்புறம் ஓரத்தில் லேசாக, வெட்கப்பட்டுக்கொண்டு வருகிற மாதிரி, ரோஸ் நிறம் வந்தது. வந்தது நிற்கவில்லை. பஞ்சு முழுக்கப் பரவியது.

"அய்யோ, என்ன கலரு அண்ணி! இந்தக் கலர்ல புடவை இருந்தா எடுத்திருப்பேன்" என்றாள் நாத்தனார்.

மேனேஜர் ரோட்டைக் கடந்து வந்திருந்தார். "வளையல்லயும் நிக்கல் இருக்கு."

கறார் இரண்டு மணிக்கட்டையும் அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். வெறும் தோல். "டாக்டர் சொன்ன அன்னைக்கே கழட்டியாச்சு சார். தோடும் இல்ல. கழுத்துல கயிறுதான்."

"அப்ப வீட்டுப் பாத்திரம்."

நாத்தனார் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவையும் ஸ்பூனையும் எடுத்து பெஞ்சில் டங்கென்று வைத்தாள். "இதான் எங்க வீட்டுப் பாத்திரம். துடைங்க மேடம். மீதிப் பாத்திரம் வேணும்னாலும் சொல்லுங்க, அடுப்போட தூக்கிட்டு வரேன். இன்னொண்ணும் கேட்டுக்குங்க சார். எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறது நான். அண்ணி கை வலிக்குதுன்னு உட்கார்ந்து மாசக்கணக்காச்சு."

"இத்தனை பேர் முன்னாடி அதைச் சொல்லணுமாடி?" என்றாள் கறார் பல்லுக்குள்.

டப்பாவில் உருட்டிய பஞ்சு வெள்ளை. ஸ்பூனில் உருட்டியது வெள்ளை. கண்ணாடியின் விரலில் உருட்டியது ரோஸ். அடுத்தவளுடையதும் ரோஸ். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கறாரைத் தனியே கூப்பிட்டார். "உள்ள வாங்கம்மா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசுங்க சார். ரோடு உங்களுக்குச் சொந்தமில்லதான், பேச்சுக்கு யாரும் வாடகை கேக்க மாட்டாங்க."

"சரி. உங்களை அட்டைப்பெட்டி பிரிவுக்கு மாத்திடறேன். வேலை போகாது."

"என் இடத்துல வேற ஒருத்தி விரலை விடுவா. வேணாம்."

"கையுறை தரேன். உங்களுக்கு மட்டும் நல்லதா."

"வேணாம்."

"பின்ன என்னதான் வேணும்?"

"வேலையால வந்துச்சுன்னு சொல்லுங்க. இவங்க எல்லாரும் கேக்கற மாதிரி. அப்புறம் எல்லாருக்கும் இடுக்கி, எல்லாருக்கும் கையுறை."

"லேப்ல இருந்து வரட்டும், பார்க்கலாம்."

"வரட்டும் சார். அதுவரைக்கும் நான் தினம் வேலைக்கு வருவேன். தினம் கழுவாம இந்த பெஞ்சுக்கு வருவேன். நீங்க கேட்டைப் பூட்டினாலும் பரவால்ல, அந்தப் பூட்டுக்கும் நான்தான் முளை போட்டிருப்பேன்."

அவள் நின்றாள். காய்கறிக் கடையில் நிற்கிற அதே நிற்பு. மேனேஜர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்.

அப்போது கேட்டிலிருந்து மேஸ்திரி வேகமாக வந்தார். எல்லோரையும் விரட்டத்தான் வருகிறார் என்று பெண்கள் இறுகி நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெஞ்சுக்குப் போய், முழுக்கைச் சட்டையின் கைப்பட்டனைக் கழற்றி மடித்துவிட்டுக் கையை நீட்டினார். விரல் இடுக்கு முழுக்கச் சிவந்து வெடித்திருந்தது. நாள் முழுக்கச் சாவிகளை எடுத்துப் பார்த்துச் சரியில்லாததைக் கழிக்கிற கை அது.

"எனக்கும் பாரும்மா" என்றார் அளவுக்காரப் பெண்ணிடம், குரலைத் தாழ்த்தி. "வீட்டுல சோப்பை மாத்து, சோப்பை மாத்துன்னு பொண்டாட்டியோட தினம் சண்டை. அவ ஊர்ல இருக்கிற எல்லா சோப்பையும் வாங்கிப் பார்த்துட்டா. இது சோப்பால இல்லன்னா, இனிமே அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"மேஸ்திரி" என்றாள் கறார். "உங்களுக்கு முன்னாடி ஆள் இருக்கு. வரிசைல வாங்க."

மேஸ்திரி திரும்பி வரிசையைப் பார்த்தார். நீளமாகத்தான் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே நடந்து போய்க் கடைசியில், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மேனேஜர் தன் மேஸ்திரியைப் பார்த்தார். அவருடைய தூக்கிய கையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேலையாலதான் போல" என்றார்.

"போல எதுக்கு சார்?" என்றாள் நாத்தனார்.

"வேலையாலதாம்மா!" அவர் கத்தியது டீக்கடை அடுப்புச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "வேலையாலதான். இடுக்கி வரும், கையுறை வரும், இவங்க வேலையும் இருக்கும். போதுமா? எல்லாரும் உள்ள வந்து கையைக் கழுவுங்க முதல்ல. ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பார்க்கிறான்."

யாரும் நகரவில்லை. எல்லோரும் கறாரைப் பார்த்தார்கள். அளவுக்காரப் பெண் புதுப் பஞ்சுக் குச்சி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வரிசை முடியட்டும் சார்" என்றாள் கறார்.